கொட்டிவைத்த நெல்லுக்குள் பிவிசி குழாய் பதித்துக் காற்று விடலாமா?

கேள்வியின் சுருக்கம்: மன்னார்குடி பக்கம், சம்பா நெல் 5 டன். ஏழெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும். சாக்கு பிடிக்காமல் ஒரு அறையில் அப்படியே கொட்டி, அடியில் 4 இன்ச் பிவிசி குழாயில் ஓட்டை போட்டுப் பதித்து, ப்ளோயரால் காற்று விட்டால் நெல் காய்ந்துவிடுமா? வண்டு வராமல் இருக்குமா? குழாயை எப்படிச் செய்வது?

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். இந்த ஏற்பாட்டால் ஈர நெல் காயாது, வண்டும் நிற்காது. ஆனால் இது செய்கிற வேலை வேறொன்று இருக்கிறது. அதைச் சரியாகச் செய்தால் நெல் மேல்தட்டில் கட்டி பிடிக்காது, நடுவில் சூடு கட்டாது, பூஞ்சண வாடை வராது. அதற்காக இதைச் செய்வது முற்றிலும் தகும்.

களத்தில் வெயிலில் காய்ந்து வரும் நெல்லின் சூடு 38, 40 டிகிரி இருக்கும். நெல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஐந்தடி உயரம் கொட்டிவிட்டால் நடுவில் இருக்கும் சூடு வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும். சுவர் ஓரமும் மேல்பரப்பும் இரவில் குளிரும். அப்போது நடுவில் இருக்கும் வெதுவெதுப்பான காற்று தானாக மேலே ஏறும். ஏறும்போது நெல்லின் ஈரத்தையும் சேர்த்து எடுத்துப் போய், குளிர்ந்த மேல்தட்டில் இறக்கிவிடும். 13 சதவீத ஈரத்தில் கொட்டிய நெல்லில் மேல் நான்கு விரற்கடை மட்டும் கட்டுதட்டிப் பழுப்பதற்குக் காரணம் இதுதான். கூரை ஒழுகியதென்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழாய் வழியாக விடும் காற்று குவியல் முழுவதையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்து இந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. அதன் வேலை அவ்வளவே.

காயவைக்க ஏன் ஆகாது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 17 சதவீத ஈரமுள்ள 5 டன் நெல்லை 14 சதவீதத்துக்குக் கொண்டுவர 174 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். 30 டிகிரி சூடும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று நெல்லுக்குள் நுழைந்து வெளியேறும்போது ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் தண்ணீரைத்தான் சுமந்து வரும். ஆக 87,000 கன மீட்டர் காற்று வேண்டும். வினாடிக்கு 100 லிட்டர் தள்ளும் ப்ளோயர் வைத்தாலும் 240 மணி நேரம். டெல்டாவில் காற்று காய்ந்திருக்கும் நேரம் பகலில் ஏழெட்டு மணி நேரம்தான் என்பதால் இது ஒரு மாத வேலை. 17 சதவீத நெல் 30 டிகிரி சூட்டில் அத்தனை நாள் காத்திருக்காது. காற்று கடைசியாகப் போய்ச் சேரும் மேல்தட்டில் அதற்குள் பூஞ்சணம் பூத்துவிடும். அறுவடை இயந்திரம் அறுத்துப்போட்ட 20 சதவீத நெல்லை நேரே கொட்டிக் குழாயை நம்பினால் மொத்தமும் போகும். களத்தில் காயவைத்து 13 சதவீதத்துக்குக் கொண்டுவந்த பிறகே அறைக்குள் கொட்ட வேண்டும்.

ஈரமானி இல்லையென்றால் ஒரு வழி உண்டு. காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு நெல், அதோடு நன்றாக வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு மூன்று கரண்டி போட்டு மூடி, பத்து நிமிடம் விட்டுவிட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே என்றுதான் பொருள். 13 வந்துவிட்டது என்று பொருளில்லை. அதைக் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே சொல்கிறேன்.

அறையும் குழாய் போகும் இடமும்

கொட்டிய நெல் ஒரு கன மீட்டருக்கு 550 முதல் 600 கிலோ எடை இருக்கும். எட்டடிக்கு எட்டடி அறையில் ஐந்தடி உயரம் கொட்டினால் 5 டன் அடங்கும். அறுபது கிலோ மூட்டைக் கணக்கில் எண்பதுக்குச் சற்று மேல். நாலரை இன்ச் தடுப்புச் சுவரில் நெல்லைச் சாய்க்காதீர்கள். கொட்டிய நெல் பக்கவாட்டில் தள்ளும், சுவர் வெடிக்கும். ஒன்பது இன்ச் சுவர் வேண்டும். கதவுப் பக்கம் உட்புறமாகப் பலகை அடுக்கி, நெல்லின் எடை கதவில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தரை ஈரம் கசிகிற தரையாக இருந்தால் குழாய்க்கும் முன்னால் தடித்த பாலித்தீன் விரிப்பு வேண்டும்.

இப்போது குழாய். நடுவில் ஒரே ஒரு குழாய் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போதாது. காற்று சோம்பேறி, குழாயிலிருந்து வெளியே போகக் குறுகிய வழி எதுவோ அதில்தான் போகும். அதனால் கணக்கு இப்படி: இரண்டு குழாய்க்கு இடையே உள்ள தூரம் நெல்லின் உயரத்தைத் தாண்டக் கூடாது, குழாய்க்கும் சுவருக்கும் இடையே அந்த உயரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. ஐந்தடி நெல்லுக்குச் சுவரிலிருந்து அதிகபட்சம் இரண்டரை அடி. எட்டடி அறையில் நடுவே ஒரு குழாய் போட்டால் சுவர் நாலடி தள்ளி இருக்கும். கீழ் மூலைகள் இரண்டுக்கும் காற்றே போகாது. எனவே இரண்டு குழாய், ஒவ்வொன்றும் பக்கச் சுவரிலிருந்து இரண்டடி, நடுவில் நாலடி இடைவெளி.

நீளவாக்கில், காற்று நுழையும் சுவரிலிருந்து முதல் ஒன்றரை அடிக்கு ஓட்டையே வேண்டாம். அங்கே ஓட்டை இருந்தால் காற்று சுவரை ஒட்டியே மேலே ஏறித் தப்பித்துவிடும். அடுத்த ஐந்தடிக்குக் காற்று வெளிவரும் வெட்டு (போடும் விதம் கீழே). எதிர்ச்சுவருக்கு ஒன்றரை அடி முன்னால் எண்ட் கேப் (முனை மூடி) போட்டு முடித்துவிடுங்கள்.

அளவு பற்றி: 75 மில்லிமீட்டர் குழாயே இந்த நெல்லுக்குக் காற்று கொடுத்துவிடும். ஆனாலும் நீங்கள் கேட்ட 4 இன்ச், அதாவது 110 மில்லிமீட்டர் குழாயைத்தான் சொல்வேன். வெளிப்பரப்பு அதிகம் என்பதால் காற்று மெதுவாகப் பிரிந்து வெளியே வரும். பின்னாளில் நெல் அளவைக் கூட்டினாலும் அதே குழாய் தாங்கும். 6 கிலோ அழுத்தம் தாங்கும் குழாய் எடுங்கள். மெல்லிய மழைநீர்க் குழாய் வெட்டு போட்ட பிறகு நெல் எடையில் நசுங்கி முட்டை வடிவம் ஆகும்.

ஓட்டை போடுவதா, வெட்டு போடுவதா?

இந்த வேலையில் அதிகம் கெட்டுப்போவது இங்கேதான். நெல்மணி நீளம் 7 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தாலும் தடிமன் 2 மில்லிமீட்டருக்குள்தான். பொன்னி போன்ற சன்ன ரகம் இன்னும் மெலிது. 5, 6 மில்லிமீட்டர் பிட்டால் துளை போட்டால் நெல் குழாய்க்குள் கொட்டும். சில நாளில் குழாயில் பாதி நெல்லாக இருக்கும். 3 மில்லிமீட்டர் துளையில் நெல் உள்ளே விழாது, மூக்கை நுழைத்துச் செருகிக்கொள்ளும். அது இன்னும் மோசம், ஒவ்வொரு துளைக்கும் நெல்லே அடைப்பான் ஆகிவிடும். 2 மில்லிமீட்டர் துளை சரியானது. ஆனால் ஒரு துளையின் பரப்பு 3 சதுர மில்லிமீட்டர்தான். குழாயின் வாய் அளவுக்குத் திறப்பு வேண்டுமென்றால் ஒரு குழாய்க்கு 2,700 துளை போட வேண்டும். யாரும் போட்டு முடிப்பதில்லை. முந்நூறு துளையோடு நிறுத்திவிட்டு, காற்று வரவில்லை என்பார்கள்.

இதற்கு வெட்டுதான் வழி. ஹேக்ஸா பிளேடு ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டும். கிரைண்டரில் மெல்லிய கட்டிங் வீல் 1 முதல் 1.2 மில்லிமீட்டர். இரண்டிலும் நெல் நுழையாது. வெட்டைக் குழாயின் குறுக்கே போடுங்கள், நீளவாக்கில் போடாதீர்கள். குறுக்கே வெட்டினால் இரு வெட்டுக்கு நடுவில் குழாய் முழு வளையமாக நின்று எடை தாங்கும். நீளவாக்கில் வெட்டினால் வளையமே அறுந்து, மிதித்தால் அமுங்கும்.

ஒவ்வொரு வளையத்திலும் மூன்று வெட்டு, ஒவ்வொன்றும் உட்பக்கம் 5 சென்டிமீட்டர் திறக்கும்படி. வெட்டுக்கு வெட்டு நடுவில் வெட்டாத பகுதி விடுங்கள். அடுத்த வளையம் 2 சென்டிமீட்டர் தள்ளி. ஐந்தடி நீளத்தில் 75 வளையம், 225 வெட்டு வரும். மொத்தத் திறப்பு குழாய் வாயைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கும். நெல் பாதியை மறைத்தாலும் போதும். வெட்டாத பட்டைகளில் ஒன்று தரையைப் பார்த்திருக்கும்படி குழாயைக் கிடத்துங்கள். கிரைண்டரில் வெட்டினால் பிளாஸ்டிக் உருகி வெட்டின் உள்விளிம்பில் முடிச்சாக நிற்கும், சில இடத்தில் வெட்டு மறுபடி ஒட்டியே போயிருக்கும். ஒவ்வொரு வெட்டிலும் ஹேக்ஸா பிளேடை ஒருமுறை விட்டு இழுங்கள். பிறகு குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் ஒளிக்கீற்று இல்லாத வெட்டு எது என்று உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு கைவேலை வேண்டாமென்றால் போர்வெல் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். மணல் பகுதியில் ஆழ்குழாய் இறக்கப் பயன்படும் வெட்டுப் போட்ட பிவிசி குழாய் ஆயத்தமாகவே கிடைக்கும். நீர் வர வேண்டும், மணல் வரக் கூடாது என்பதற்காகச் செய்தது. நமக்குக் காற்று போக வேண்டும், நெல் வரக் கூடாது. வெட்டு அகலம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகாததாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வெட்டு ஒரே சீராக இருக்கும், எடையும் தாங்கும்.

பெரிய துளை போட்டுக் கொசுவலை சுற்றுவது மூன்றாவது வழி. வலை தூசியில் அடைத்துக்கொள்ளும், நெல்லைக் கொட்டும்போது கிழியும், எலி வந்தால் முதலில் அதைத்தான் கடிக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குழாயின் நுனிக்குப் போகப் போக ஓட்டையைப் பெரிதாக்க வேண்டுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. ஐந்தடி நீளத்துக்கு வேண்டாம். நெல்லின் எதிர்ப்பே காற்றைச் சமமாகப் பிரித்துவிடும்.

ப்ளோயர்

குளிரவைக்க டன்னுக்கு வினாடிக்கு 3 முதல் 5 லிட்டர் காற்று போதும். 5 டன்னுக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் நெல்லின் சூட்டை இறக்க ஏறக்குறைய 1,000 கன மீட்டர் காற்று வேண்டும் என்பதால், 5 டன்னுக்கு 55 மணி நேரம் ஓட வேண்டும். கால் எச்பி மோட்டார் 300 வாட் எடுத்தாலும் பதினேழு யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

காற்றின் அளவைவிட அது எதிர்ப்பைத் தாண்டுமா என்பதுதான் முக்கியம். நெல், வெட்டு, வளைவு எல்லாம் சேர்ந்து இந்த அளவுக்கு 5 முதல் 10 மில்லிமீட்டர் நீர் அழுத்தம் கேட்கும். நெல்லில் தூசி இருந்தால் இன்னும் ஏறும். சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் எதிர்ப்பில்லாத இடத்தில் காற்றை நகர்த்தச் செய்தது. சில மில்லிமீட்டர் எதிர்ப்பு வந்தாலே இறக்கை சுற்றும், சத்தம் வரும், காற்று போகாது. கொல்லுப்பட்டறையில் வைத்திருக்கும் நத்தைக்கூட்டு வடிவ ப்ளோயர்தான் சரி. 2,800 சுற்று, கால் எச்பி, இண்டக்‌ஷன் மோட்டார். தூசி ஊதும் கை ப்ளோயர் வேண்டாம். கார்பன் பிரஷ் மோட்டார் மணிக்கணக்கில் ஓட்டச் செய்ததல்ல, சூடேறி எரியும். நெல் தூசி பக்கத்தில் தீப்பொறி பறக்கும் மோட்டார் வைப்பதே தவறு.

ப்ளோயர் அறைக்கு வெளியே, நிழலில், மழை படாத இடத்தில் இருக்கட்டும். அங்கிருந்து காற்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ‘டீ’ இணைப்பு, இரண்டு பக்கமும் பெண்ட் (வளைவு), பிறகு இரண்டு குழாய். எல்போவைவிட அகன்ற பெண்ட் நல்லது. அறைக்குள் இருக்கும் இணைப்புகளைக் கரைசல் போட்டு ஒட்டாமல் ரப்பர் வளையத்தோடு செருகுங்கள், அடுத்த பருவத்தில் கழற்றிக் கழுவ வேண்டும். ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு அடைப்பு வால்வு கட்டாயம். ப்ளோயர் நின்ற பிறகும் திறந்திருக்கும் குழாய், இரவெல்லாம் ஈரக்காற்றைத் தானாக உள்ளே இழுக்கும். எலிக்கும் வண்டுக்கும் அதுதான் வாசல்.

காற்றைத் தள்ளுவதா, உறிஞ்சுவதா? நம் ஊர்க் கூரைக்குத் தள்ளுவதுதான். தகரக் கூரைக்குக் கீழே பகலில் தேங்கும் வெக்கையை உறிஞ்சி நெல்லுக்குள் இழுத்து வருவதில் பயனில்லை. தள்ளினால் கடைசியாகக் குளிர்வது மேல்தட்டு. கையை விட்டே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வெளிவரும் காற்று ஈரத்தோடு வரும் என்பதால், ஓடும்போது மேலே ஜன்னலோ வென்டிலேட்டரோ திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் அந்த ஈரம் இரவில் குளிர்ந்த தகரத்தில் முத்துக்கோத்து நெல்மேல் சொட்டும்.

காற்றளவை அறிய, ப்ளோயரின் உறிஞ்சும் வாயில் ஒரு மீட்டர் 110 மில்லிமீட்டர் குழாயைச் செருகி, அதன் வாயில் காற்று வேகமானியைப் பிடியுங்கள். வினாடிக்கு 3 மீட்டர் காட்டினால் 25 லிட்டர் போகிறது. அழுத்தம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். ப்ளோயருக்கும் டீக்கும் நடுவில் குழாயில் சிறு துளையிட்டு, டியூபின் ஒரு முனையை அதில் செருகி, மீதியை ‘யூ’ வடிவில் சுவரில் கட்டிப் பாதி தண்ணீர் ஊற்றுங்கள். ஓடும்போது இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசமே அழுத்தம். முதல் நாள் எவ்வளவு என்று சுவரில் கோடு போட்டுவையுங்கள். பின்னாளில் அது ஏறினால் வெட்டு அடைத்திருக்கிறது அல்லது ஒரு வால்வு மூடியிருக்கிறது. இறங்கினால் எங்கோ இணைப்பு கழன்று காற்று வீணாகிறது.

எந்த நேரத்தில் ஓட்டுவது

குழாயை எத்தனை நன்றாகச் செய்திருந்தாலும், தவறான நேரத்தில் ஓட்டினால் நல்ல நெல்லுக்கு நீங்களே தண்ணீர் தெளித்த மாதிரிதான். நெல் தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொள்ளும். 30 டிகிரியில், காற்றில் 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் நெல் 13 சதவீதச் சொச்சத்தில் நிற்கும். 75 என்றால் 14ஐ ஒட்டி, 80 என்றால் 15ஐ ஒட்டி, 90க்குப் போனால் 17ஐத் தாண்டும். இரவு பத்து மணிக்கு மேல் டெல்டாக் காற்று பெரும்பாலும் இந்தக் கடைசி நிலையில்தான் இருக்கிறது. குளிர்ந்த நாடுகளில் எழுதிய கையேடுகள் ‘இரவில் ஓட்டு’ என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே விடியவிடிய ஓட்டினால் குழாயை ஒட்டிய நெல் ஈரம் குடிக்கும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. நெல் சூடாக இருக்கும்வரை ஈரக்காற்றும் உதவும். 25 டிகிரி, 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்று 33 டிகிரி நெல்லுக்குள் நுழைந்ததும் தானும் சூடாகும். சூடானால் அதன் ஈரப்பதம் 53 சதவீதமாக இறங்கிவிடும். அது நெல்லை நனைக்காது, சற்றுக் காயவே வைக்கும். குழாயை ஒட்டிய நெல் காற்றின் சூட்டுக்கு வந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. ஆகவே கொட்டிய முதல் மூன்று நான்கு நாள் மாலை ஐந்திலிருந்து இரவு ஒன்பது வரையும், காலை ஏழரையிலிருந்து பத்தரை வரையும் தாராளமாக ஓட்டலாம். அதன் பிறகு காற்றின் ஈரப்பதம் 75க்குக் கீழே, சூடு நெல்லைவிட நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும் நேரத்தில் மட்டும். மாசி மாதம் பெரும்பாலான நாளில் காலை ஒன்பதரையை ஒட்டியும் மாலை ஐந்தரையை ஒட்டியும் அப்படி ஒரு இடைவேளை கிடைக்கும். கடிகாரத்தை நம்பாதீர்கள், ஈரப்பதமானி சொல்வதுதான் நேரம்.

அந்த மானியைச் சரிபார்க்காமல் வைக்காதீர்கள். மலிவான டிஜிட்டல் மானி ஐந்தாறு சதவீதம் தவறாகக் காட்டுவது சாதாரணம். சமையல் உப்பில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈர மணல் பதத்துக்குப் பிசைந்து ஒரு மூடியில் வைத்து, மானியோடு சேர்த்து இறுக்கமான டப்பாவில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும். மானி 80 காட்டினால் 5 கழித்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய எல்லைக்கோடும் அதே 75 என்பது நல்ல வசதி.

நெல்லின் ஈரத்தையும் இதே மானியால் அறியலாம். நடுக்குவியலிலிருந்து எடுத்த ஒரு படி நெல்லோடு மானியைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி இறுக்கக் கட்டி, நிழலில் ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். 70க்குள் நின்றால் கவலையில்லை. 75ஐத் தாண்டினால் அந்த நெல் வைப்புக்குத் தகுதியில்லை, மறுபடி களத்துக்குப் போக வேண்டும்.

சூடு இறங்கிய பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை, நல்ல நேரம் பார்த்து இரண்டு மூன்று மணி நேரம் போதும். சித்திரை, வைகாசி நடுப்பகலில் ஓட்டாதீர்கள். 38 டிகிரிக் காற்று நெல்லை மறுபடி சூடாக்கும், குழாயோர நெல்லை 10 சதவீதத்துக்கும் கீழே வறட்டும். அப்படி வறண்ட நெல் பின்னர் ஈரம் குடிக்கும்போது அரிசி உள்ளே கீறல் விடும். புழுங்கல் அரிசி போடுபவர்களுக்கு ஊறவைத்து அவிக்கும்போது அந்தக் கீறல் மூடி ஒட்டிக்கொள்ளும். பச்சரிசி போடுபவர்களுக்கு மில்லில் குருணை கூடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வால்வை மூடிவிட்டு ப்ளோயரைத் தொடாமல் இருப்பதே சரி.

இதற்கும் ஒரு விலக்கு: நடுவில் சூடு கட்டிவிட்டால் மழையானாலும் ஓட்ட வேண்டும். சூடேறும் நெல் ஒரு வாரத்தில் கெடும். ஈரக்காற்றால் வரும் கேடு அதைவிட மெதுவானது. ஓட்டிச் சூட்டை அடக்கி வைத்துக்கொண்டு, வெயில் கிடைத்த முதல் நாளில் அந்தப் பகுதி நெல்லை வெளியே எடுத்துவிடுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது

கொட்டும்போதே பாதி முடிவாகிவிடும். தூற்றாத நெல்லை ஒரே இடத்தில் கொட்டினால் கனமான நெல் ஓரத்துக்கு உருண்டுபோக, பதரும் தூசியும் துண்டு வைக்கோலும் கொட்டிய இடத்துக்கு நேர்கீழே தூணாகத் தங்கும். காற்று அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு போகும். சூடு கட்டுவது அங்கேதான். கருக்காய் போகத் தூற்றி, இடம் மாற்றி மாற்றிக் கொட்டி, கடைசியில் மேல்பரப்பைப் பலகையால் சமமாக இழுத்துவிடுங்கள். கூம்பாக விட்டால் உச்சிக்குக் காற்று ஏறாது.

ஓடும்போது மெல்லிய பாலித்தீன் தாளை ஒரு மீட்டர் சதுரம் வெட்டி நெல்மேல் விரித்து, ஓரத்தில் நெல்லை அள்ளிப் போட்டு அழுத்துங்கள். சற்று நேரத்தில் நடுவில் லேசாக உப்பினால் அங்கே காற்று வருகிறது. நான்கு மூலையிலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வேகமாக உப்பி மற்ற இடத்தில் அசையாமல் கிடந்தால் காற்று ஒரு பக்கமாகத் தப்பிக்கிறது.

சூடு பார்க்க நீளமான முனையுள்ள டிஜிட்டல் வெப்பமானி கிடைக்கும். இல்லாவிட்டால் நாலடி இரும்புக் கம்பிகள் நான்கைந்தை வெவ்வேறு இடத்தில் செருகி அரை மணி நேரம் கழித்து உருவி, நுனியை உள்ளங்கையில் பிடியுங்கள். எது மற்றவற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கிறதோ அங்கே பிரச்சினை. இரண்டு நாளில் ஓரிடத்தில் மட்டும் 2, 3 டிகிரி ஏறினால் அது வெயிலால் வந்த சூடல்ல. வண்டோ பூஞ்சணமோ வேலையைத் தொடங்கிவிட்டது. ப்ளோயர் போட்டதும் மேலே வரும் முதல் காற்றை முகர்ந்து பார்ப்பதும் உதவும். மக்கிய வாடை கம்பிக்கு முன்பே சொல்லிவிடும்.

வண்டு, மூட்டை, விதை நெல்

அரிசி வண்டும் அந்துப்பூச்சியும் நன்றாகப் பெருகுவது 28, 30 டிகிரியை ஒட்டி. 15 டிகிரிக்கு இறக்கினால் பெருக்கம் நிற்கும். நம் சமவெளிக் காற்றால் அது நடக்காது. 38ஐ 27 ஆக்குவதால் ஈரம் ஓரிடத்தில் சேராது, பூஞ்சணம் வராது. வண்டு அதற்காகப் போய்விடாது. அது பழைய சாக்கிலிருந்தும் அறையின் விரிசலிலிருந்தும் வயலிலிருந்தும் வருகிறது. கொட்டுவதற்கு முன் அறையைக் கூட்டி, விரிசலைப் பூசி, வெள்ளையடிப்பதுதான் முதல் வேலை. வண்டு இருக்கிறதா என்று அறிய, கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய குழாய் வடிவப் பூச்சிப் பொறியை நெல்லுக்குள் செருகி வைக்கலாம். அதிலும் 2 மில்லிமீட்டர் துளைகள்தான். காற்றைத் தேடி வரும் வண்டு உள்ளே விழும், நெல் விழாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை நீங்களே வாங்கிப் போடும் எண்ணம் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவது உயிரைக் கொல்லும் வாயு. உரிமம் பெற்றவர்கள் வந்து செய்யும்போது குழாய் இரண்டையும் வெளிப்பக்கம் இறுக்கமாக அடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாயு குழாய் வழியாகவே வெளியேறும், வீட்டுப் பக்கம் வந்தால் ஆபத்து.

சாக்கு மூட்டை அடுக்குக்குள் இந்தக் குழாயைச் செருகுவதில் பயனில்லை. காற்று மூட்டைகளுக்கு நடுவில் உள்ள இடுக்கில் போய்விடும், சாக்குக்குள் நுழையாது. மூட்டையென்றால் கட்டை அடுக்கி அதன்மேல் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி விட்டு அடுக்குவதே போதும். ப்ளோயர் இல்லாமல் வெறும் ஓட்டைக் குழாயைச் செங்குத்தாக நட்டுவைப்பதும் பெரிதாக உதவாது. குழாயைச் சுற்றிச் சில அங்குலம் மட்டும் குளிரும். குதிரிலோ பத்தாயத்திலோ செங்குத்துக் குழாய் போட்டு ப்ளோயர் மாட்டினால் வேலை செய்யும். ஆனால் வெட்டு கீழ்ப்பாதியில் மட்டும் இருக்க வேண்டும்; மேல்பாதியிலும் இருந்தால் காற்று அங்கேயே வெளியேறிவிடும்.

விதைக்கு வைக்கும் நூறு இருநூறு கிலோவை இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். 12 சதவீதத்துக்குக் காயவைத்துக் காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பதுதான் அதற்கு நல்லது. காற்று விடுவதும் காற்றை அடைப்பதும் எதிரெதிர் முறைகள். ஒரே நெல்லுக்கு இரண்டையும் செய்ய முடியாது.

அறை காலியானதும் குழாயை உருவி, எண்ட் கேப்பைக் கழற்றித் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். வெட்டில் செருகி நிற்கும் அரைநெல்லும் தவிட்டுத் தூசியும்தான் அடுத்த பருவத்து வண்டுக்கு வித்து. கழுவிய குழாயை நிழலில் உலர்த்தி இரு முனையையும் துணியால் கட்டிப் பரணில் ஏற்றிவிடுங்கள். வெயிலில் கிடந்தால் பிவிசி நொறுங்கும் பதத்துக்கு வந்து, அடுத்த முறை நெல் எடையில் வெட்டு வெட்டாக உடையும்.